பஸ் ஹோர்ன் கேட்காத ஏற்றம்: கொழும்பிலிருந்து ரோட் பைக்கில் எங்கே போகலாம்?

12 ஜனவரி 2024 (தெஹிவளை வாசகர் ஒருவரின் கேள்வி)

பெற்றோல் வரிசைக் காலத்தில் ரோட் பைக் வாங்கினேன். அன்றிலிருந்து மரைன் டிரைவும் பாராளுமன்றப் பக்கமும்தான். போன மாதம் துணிந்து கடுகண்ணாவை ஏறினேன். ஏற்றம் பிரச்சினை இல்லை, பின்னால் வந்த பஸ்களின் ஹோர்ன்தான் உயிரை வாங்கியது. என் முடிவு இதுதான்: இந்த நாட்டு மலையில் நல்ல தார் வீதி எல்லாம் பஸ்ஸுக்கு, பஸ் இல்லாத வீதி எல்லாம் கல்லும் குழியும். ரோட் பைக்குக்கு இங்கே மலை கிடையாது. மறுப்பவர் உண்டா?

13 ஜனவரி, இரவு

உண்டு. கடுகண்ணாவையை வைத்து மலைநாட்டை அளக்கக் கூடாது. ஏ1 வீதியில் கொழும்பிலிருந்து கண்டி போகிற அத்தனை பேரும் அந்த ஒரு கணவாய்க்குள் நுழைந்துதான் போக வேண்டும். அங்கே அமைதி தேடுவது கோட்டை ரயில் நிலையத்தில் நித்திரை கொள்ளப் பார்க்கிற மாதிரி.

தேட வேண்டியது யாருக்கும் குறுக்குவழியாக உதவாத வீதியை. அது ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும், ஆனால் அதே ஊருக்கு விரைவாகப் போக வேறு பெரிய வீதி ஒன்று பக்கத்தில் இருக்கும். அவசரக்காரர் எல்லாம் அதில் போய்விடுவார்கள். நமக்கு மிஞ்சுவது உள்ளூர் பஸ், கொழுந்து லொறி, ஆட்டோ. உடனே நினைவுக்கு வருபவை: கண்டியிலிருந்து கலஹா வழியாகத் தெல்தோட்டை. கம்பளையிலிருந்து தொலஸ்பாகை. கினிகத்தேனையிலிருந்து நோர்ட்டன் பிரிட்ஜ். வெலிமடைப் பக்கம் பொரலந்தையிலிருந்து ஓஹியா. மாத்தளையிலிருந்து ரத்தொட்டை தாண்டி ரிவர்ஸ்டன். தெற்கே தெனியாயவிலிருந்து இறக்குவானை. கடைசியாகச் சொன்னது ஏ17 வீதி. ஏ என்ற எழுத்தைக் கண்டு பயப்பட வேண்டாம், ஏ1க்கும் அதற்கும் எழுத்து மட்டும்தான் பொது.

14 ஜனவரி

நாளைக்குப் பொங்கல், வீட்டில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. ஆனாலும் ஒன்று விட்டுப்போனது.

"ஏற்றம் பிரச்சினை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். பெருமையில் பாதி உங்கள் கால்களுக்கு, பாதி மாட்டுக்கு. பிரிட்டிஷ்காரர் மலைநாட்டின் பெரிய வீதிகளை வெட்டிய காலத்தில் அவற்றில் ஓடியது மாட்டுவண்டி. கோப்பி மூட்டை ஏற்றிய வண்டியை மாடு இழுக்க முடியாவிட்டால் அந்த வீதியால் பயன் இல்லை. அதனால்தான் கடுகண்ணாவையும் றம்பொடையும் அவசரப்படாமல், வளைந்து வளைந்து, ஒரே சீராக ஏறுகின்றன. சைக்கிள்காரனுக்கு அதைவிட நல்ல சரிவு கிடைக்காது. ஆனால் அந்த வீதிகளைத்தான் பஸ்கள் எடுத்துக்கொண்டுவிட்டன.

தோட்டத்துக்குள் போகிற வீதிகளுக்கு அந்தக் கருணை இல்லை. ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) வரைக்கும் லொறி ஏறினால் போதும் என்று போட்டவை அவை. சில திருப்பங்களில் வீதி திரும்பாது, நிமிரும். ஆகவே அமைதி வேண்டுமென்றால் செங்குத்தையும் சேர்த்து வாங்க வேண்டும். முதல் குறிப்பில் நான் கொடுத்த பட்டியலை இந்த எச்சரிக்கையோடு படிக்கவும்.

தெல்தோட்டைப் பக்கம் போகிறவர்கள் லூல்கந்துர வரைக்கும் போய்ப் பாருங்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்த இடம் அது. அதற்கு முன்னால் மலை முழுக்கக் கோப்பிதான். தேயிலை வியாபாரம் உலகம் எல்லாம் போய்விட்டது, தொடங்கிய இடத்தில் காலை வேளையில் உங்கள் செயின் சத்தம் உங்களுக்கே கேட்கும்.

20 ஜனவரி

தனிச்செய்தியில் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். "என் பைக் பழைய ரேஸ் பைக், முன் பல்சக்கரத்தில் 39 பல், பின்னால் 25. போதுமா?"

மரைன் டிரைவுக்குத் தாராளமாகப் போதும். தோட்ட வீதிக்குப் போதாது. கணக்கு இது. சில்லு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.1 மீற்றர் போகும். நிமிடத்துக்கு 60 தரம் உழக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கீழே போனால் முழங்கால் முனகத் தொடங்கும். 39க்கு 25 என்றால் அந்த உழக்குக்கு மணிக்கு 12 கிலோமீற்றர் வேகம் வருகிறது. 34க்கு 34 என்றால் ஏழரை. ஆளும் பைக்கும் சேர்ந்து 80 கிலோ, சரிவு 8 சதவீதம் என்றால், 39க்கு 25இல் ஏற 225 வாட்டுக்கு மேல் வேண்டும், 34க்கு 34இல் 140 வாட்டளவு போதும். பகல் முழுக்கக் கந்தோரில் இருந்து வேலை செய்கிற உடம்பிடம் 225 வாட்டை ஒரு மணித்தியாலத்துக்குக் கேட்டால் அது ராஜினாமாக் கடிதம் தரும்.

பின் கசெட்டை, அதாவது பின் பல்சக்கரத் தொகுதியை, மாற்றுங்கள். ஃபிரேமை மாற்றுவதை விடச் செலவு குறைவு. பெரிய பல் போட்டால் செயினைப் பல்லுக்குப் பல் மாற்றுகிற பின் டிரெயிலியரும் நீளக் கையுள்ளதாக வேண்டியிருக்கலாம், அதையும் கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். டாம் வீதியில் ஏறி இறங்கினால் கிடைக்கும், பேரம் பேசத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

28 ஜனவரி

சரி, எப்படிப் போவது? வெள்ளவத்தையிலிருந்து மலை அடிவாரம் வரைக்கும் உழக்கிக்கொண்டே போகலாமா என்றால், போகலாம், ஆனால் ஹைலெவல் வீதியில் போக வேண்டாம். களனி ஆற்றோரமாகக் கடுவெல, ஹங்வெல்ல என்று போகிற லோலெவல் வீதி நல்லது. விடிவதற்குள் ஹங்வெல்ல தாண்டிவிட்டால் அவிசாவளை வரைக்கும் மூச்சு விடலாம். அதிவேகப் பாதைகளில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, அதைக் கேட்டும் ஒருவர் எழுதியிருந்தார்.

மலைக்குப் போக நேரமில்லாதவர்கள் ஹங்வெல்லயிலிருந்து லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களின் பக்கம் திரும்புங்கள். கொழும்புக் குழாயில் வருகிற தண்ணீரில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வருகிறது. மலை என்று சொல்ல முடியாது. ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகும், இரண்டு பக்கமும் காட்டு நிழல். கொழும்புப் பக்கம் இருக்கிற ஒரே மலை இராஜகிரிய மேம்பாலம் என்பதால் பயிற்சிக்கு இதைவிட அருகில் எதுவும் இல்லை.

நான் பெரும்பாலும் ரயிலில்தான் போவேன். முதல் நாளே பார்சல் கந்தோரில் கேட்டுவைப்பேன். முன் சில்லைக் கழற்றி ஃபிரேமோடு கட்டி, பழைய படுக்கை விரிப்பால் சுற்றிவிட்டால் அது சைக்கிளாகத் தெரியாது, சாமானாகத் தெரியும். சாமானுக்கு எல்லோரும் இடம் கொடுப்பார்கள். பின் டிரெயிலியர் பக்கத்தை மேலே வைத்துப் படுக்கப் போடுங்கள், நானுஓயா வருவதற்குள் யாராவது அதன்மேல் அரிசி மூட்டை வைத்துவிடுவார்கள்.

3 பெப்ரவரி

நாளை சுதந்திர தினம். காலிமுகத்திடல் பக்கம் வீதி மூடல், ஒத்திகை நாட்களிலிருந்தே அப்படித்தான். நாளைக் காலை அந்தப் பக்கம் சைக்கிளோடு போய் பொலிஸாரிடம் விளக்கம் கேட்க வேண்டாம்.

11 பெப்ரவரி

முதல் குறிப்பில் கினிகத்தேனை – நோர்ட்டன் பிரிட்ஜ் வீதியைச் சொல்லியிருந்தேன். அதற்கு ஒரு காலக்கெடு சேர்க்க வேண்டும். சிவனொளிபாதமலைப் பருவம் மார்கழிப் போயாவில் (பௌர்ணமி தினம்) தொடங்கி வெசாக் போயா வரை. அந்தக் காலத்தில் கொழும்பிலிருந்து நல்லதண்ணிக்குப் போகிற யாத்திரை பஸ்களில் நிறைய அந்த வழியாகத்தான் மஸ்கெலியாவுக்குப் போகின்றன. வெள்ளி இரவிலிருந்து ஞாயிறு மத்தியானம் வரைக்கும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம். இரவு முழுக்க நித்திரை இல்லாமல் வண்டி ஓட்டிய சாரதி காலையில் வளைவில் உங்களைச் சந்திப்பார்.

வெசாக் முடிந்த மறுவாரம் அதே வீதியில் நாய் படுத்திருக்கும். ஆனால் அப்போது மழை தொடங்கிவிடும். மலைநாட்டின் மேற்குச் சரிவில் வருகிற பிரச்சினை இதுதான், வெயில் காலமும் பஸ் காலமும் ஒன்று.

இப்போது யோசித்துப் பார்த்தால், ஜனவரியில் நான் கொடுத்த பட்டியல் அரைகுறை. எந்த வீதி என்று மட்டும் சொன்னேன். எந்த மாதம், எந்தக் கிழமை, எத்தனை மணி என்பதையும் சேர்க்காவிட்டால் அந்தப் பட்டியலுக்குப் பெறுமதி இல்லை. அமைதி வீதியில் இல்லை, நேரசூசியில் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். கடுகண்ணாவையைக்கூட ஏதாவது ஒரு நாளில் அமைதியாகப் பிடிக்கலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

25 பெப்ரவரி

நவம் போயாவோடு சேர்ந்து வந்த நீண்ட வாரஇறுதி. ஓஹியாப் பக்கம் போய் வந்தேன். ஹோர்டன் சமவெளிக்குப் போகிற வான்கள் இருட்டோடு இருட்டாக மேலே ஏறிவிடுகின்றன. அவை மேலே போன பிறகு, திரும்பி இறங்கும் வரைக்கும், பொரலந்தை வீதி வெறுமையாகக் கிடக்கிறது. எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை எனக்கு எதிரே வந்தவை ஒரு மரக்கறி லொறியும், விறகுக் கட்டுச் சுமந்த ஓர் அம்மாவும்.

எழுத வந்தது ஏற்றத்தைப் பற்றி இல்லை, இறக்கத்தைப் பற்றி. ஓஹியாவிலிருந்து பொரலந்தைக்கு இறங்கும்போது கொண்டை ஊசி வளைவு ஒன்று முடிவதற்குள் அடுத்தது வரும். பைன் மரங்களுக்குக் கீழே வளைவின் உள்பக்கம் காய்ந்த ஊசி இலை படிந்திருக்கும், அதன்மேல் பிரேக் பிடித்தால் பைக் உங்களைக் கேட்காமல் முடிவெடுக்கும். பாதியில் நிறுத்தி, போத்தலிலிருந்து ரிம்மில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன். சுர் என்று சத்தம் வந்தது, சொட்டு கீழே விழவில்லை. பிரேக் கட்டையின் விளிம்பு பளபளவென்று கண்ணாடி போட்டிருந்தது.

கணக்குப் பார்த்தால் ஆச்சரியம் இல்லை. 80 கிலோ 400 மீற்றர் உயரம் இறங்கும்போது வெளிவரும் சக்தி ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். வேகமாகப் போகிறவருக்கு அதில் பெரும்பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். பயந்து பயந்து பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்குகிறவருக்கு எல்லாம் ரிம்முக்குப் போகும். ஆகவே தொடர்ந்து தேய்க்காமல், வளைவுக்கு முன்னால் நேராக இருக்கும்போதே நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிடுங்கள். ரிம் ஆற நேரம் கிடைக்கும். கார்பன் ரிம்மும் ரிம் பிரேக்கும் வைத்திருப்பவர்கள் அந்தச் சில்லை வீட்டில் வைத்துவிட்டு அலுமினியத்தில் வாருங்கள். டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்கள் இந்தப் பந்தியைப் படித்துச் சிரிக்கலாம். மழையில் இறங்கும்போது நான் உங்களைப் பார்த்துப் பொறாமைப்படுவேன்.

17 மார்ச்

"காலை ஆறு மணிக்கே தோட்ட வீதிக்குள் போய்விட்டால் ஒரு குஞ்சு குருமான் இருக்காது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வாகனம் இருக்காது என்றால் சரி. ஆள் இருக்காது என்றால் அவர் தோட்டத்தைப் பார்க்கவில்லை.

ஆறு மணிக்கு லயங்களில் அடுப்பு எரியும். ஏழு மணிக்குள் பெரட்டு, வேலைக்கு ஆள் பிரிப்பது. பிறகு தலையில் கூடைக் கயிறும் இடுப்பில் படங்குச் சாக்குமாகப் பெண்கள் வீதி முழுக்க மலைக்குப் போவார்கள். அதே நேரம் வெள்ளைச் சட்டையில் பிள்ளைகள் எதிர்ப்பக்கமாகப் பாடசாலைக்குப் போவார்கள். அந்த வீதி அவர்களுடைய நடைபாதை, முற்றம், கோயில் வாசல். வாகனம் வராத வீதி என்பதால்தான் அவர்கள் நடுவில் நடக்கிறார்கள், அதே காரணத்துக்காகத்தான் நீங்களும் அங்கே வந்திருக்கிறீர்கள். இறக்கத்தில் மணி அடித்துக்கொண்டு பாய்வதற்கு அது இடம் இல்லை. நான் ஏழிலிருந்து எட்டு மணி வரைக்கும் எங்காவது ஒரு கடையில் இருந்து பிளேன்டீயும் ரொட்டியும் சாப்பிட்டுவிடுவேன். எட்டரைக்கு வீதி தன்பாட்டில் வெறுமையாகிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாட்கூலிக்குக் கொழுந்து எடுக்கிறவர்களைத் தாண்டி, அவர்களின் ஒரு வருடச் சம்பளத்தை விட விலை கூடிய பைக்கில் போகிறோம். அதற்காகப் போகாமல் இருக்கச் சொல்லவில்லை. குறைந்தது கொழுந்து எடுக்கிறவர்களை நிறுத்திவைத்துப் படம் பிடிக்காமல், வணக்கம் சொல்லிவிட்டுப் போகலாம். "என்ன தம்பி, கஷ்டமா?" என்று கேட்பார்கள். மூச்சு இருந்தால் பதில் சொல்லுங்கள்.

நாய்கள்: சைக்கிளிலிருந்து இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடந்தால் அரைவாசி நாய்களுக்கு ஆர்வம் போய்விடும். மீதி அரைவாசிக்கு மருந்தில்லை. குளவி: கொழுந்து எடுக்கிறவர்கள் திடீரென்று ஓடினால் ஏன் என்று கேட்காமல் நீங்களும் திரும்பிவிடுங்கள்.

17 மார்ச், பின்னேரம்

மெட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க வருகிற சூன் பாண் ஆட்டோவைப் பற்றிக் கேட்டவருக்கு. ஆம், மலையிலும் வருகிறது. ஏற்றத்தில் அதன் வேகமும் என் வேகமும் ஏறத்தாழ ஒன்று, அதனால் ஒரு தரம் நெடுநேரம் அந்த மெட்டைக் கேட்டுக்கொண்டே பின்னால் ஏறினேன். இந்த இழையில் அமைதி பற்றி நான் எழுதியதை எல்லாம் அந்த ஒரு ஏற்றம் பொய்யாக்கிவிட்டது. மாலு பணிஸ் சூடாக இருந்தது, மன்னித்துவிட்டேன்.

10 ஏப்ரல்

கடுகண்ணாவையை அமைதியாகப் பிடிக்க ஒரு நாள் இருக்கிறது என்றேன். அந்த நாள் வருகிறது. புத்தாண்டுக்கு முந்திய நாட்களில் கொழும்பு முழுக்க ஊருக்குப் புறப்பட்டு வீதி பிதுங்கும். புத்தாண்டு அன்று புண்ணிய காலத்தில் எல்லோரும் வீட்டுக்குள். பஸ்ஸில்லை, லொறியில்லை. பெரிய வீதிகள் அரை நாளுக்கு நம்முடையவை.

இரண்டு நிபந்தனை. கடைகள் எல்லாம் பூட்டு, ஆகவே தண்ணீரும் சாப்பாடும் சட்டைப் பையில் இருக்க வேண்டும். ஒட்டுப் போடும் கடையும் பூட்டு. இரண்டாவது, வீட்டில் கைவிசேஷ நேரத்துக்கு ஆள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு நான் பொறுப்பில்லை.

நுவரெலியாப் பக்கம் ஏப்ரல் முழுவதும் வேண்டாம். வசந்தகாலச் சீசன், மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், மோட்டார் பந்தயம் என்று கொழும்பே அங்கே போய்க் குடியிருக்கும். வெள்ளவத்தையில் காணாத அயலவரை எல்லாம் கிரகரி வாவிக் கரையில் காணலாம்.

19 மே

வெசாக் இன்னும் சில நாளில். தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவைப் பிடித்துக்கொள்ளப் போகிறது. கினிகத்தேனை, வட்டவளை, நோர்ட்டன் பிரிட்ஜ் எல்லாம் இனிச் சில மாதம் நனைந்து கிடக்கும். அந்தப் பக்கத்துக் கதையை மூடிவிட்டு ஊவாவுக்கு மாறுங்கள்.

மழையை எல்லாம் மேற்கில் கொட்டிவிட்டு, மலை முதுகைத் தாண்டி மறுபக்கம் இறங்கும்போது காற்று காய்ந்து சூடாகிவிடும். கிழக்கில் இருப்பவர்களுக்குக் கச்சான் காற்றைப் பற்றிச் சொல்லித்தரத் தேவையில்லை. நானுஓயாவில் குடை, வெலிமடையில் வெயில், இரண்டும் ஒரே நாளில். ஆனால் அப்புத்தளையில் மலை முதுகு ஒடுங்குகிற இடத்தில் அந்தக் காற்று உங்களைப் பக்கவாட்டில் பிடிக்கும். உயரமான கார்பன் ரிம்மோடு வந்தால் இங்கே இரண்டாவது தரம் வருத்தப்படலாம்.

அப்புத்தளையிலிருந்து தம்பதென்னை ஸ்டோர் வரைக்கும், அங்கிருந்து லிப்டன் சீட் வரைக்கும் ஏறுவது பற்றி: விடியற்காலையில் போகச் சொல்லி எல்லோரும் எழுதுவார்கள், காட்சிக்காக. அதே காரணத்துக்காக ஆட்டோக்களும் விடியற்காலையில்தான் வரிசையாகப் போகின்றன. வீதி ஒரு ஆட்டோ அகலம். நான் பின்னேரம் போகிறேன். மேலே முகில் மூடியிருக்கும், ஒரு மண்ணும் தெரியாது. ஏறத்தாழ 1970 மீற்றர் உயரத்தில் உட்கார்ந்து வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு இறங்குவேன். காட்சியா வீதியா என்று முடிவெடுங்கள், இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது.

உடுப்பு: ஆயிரம் மீற்றர் ஏறினால் சூடு ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும். ஏறும்போது தெரியாது, இறங்கும்போது விரல் விறைத்துப் பிரேக் பிடிக்க வராது. ஒரு மெல்லிய காற்றுச்சட்டை போதும். அவசரத்துக்குப் பத்திரிகைத் தாளை நெஞ்சில் சொருகலாம், பழைய பத்திரிகைக்கு அந்தப் பயன் இன்னும் உண்டு.

மழைக்காலத்தில் எந்தப் பக்கம் போனாலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று போடுவார்கள். மஞ்சள் போட்டாலே நான் பைக்கை வெளியே எடுப்பதில்லை. அளவுக்கு மிஞ்சின பயம் என்று ஒரு நண்பர் சொல்கிறார், அவர் வீடு மொரட்டுவையில்.

2 ஜூன்

கேள்வி கேட்ட தெஹிவளை அன்பர் ஒருவழியாகக் கலஹா – தெல்தோட்டை போய் வந்திருக்கிறார். "நீங்கள் சொன்ன அமைதி வீதியில் இரண்டு பஸ் கண்டேன்" என்று புகார்.

அண்ணே, அது ஒரே பஸ். போய்விட்டுத் திரும்பி வந்தது.

14 ஜூலை

டயர் பற்றிய சண்டையை இங்கே கொண்டுவர வேண்டாம் என்று பார்த்தேன், ஏற்கெனவே வந்துவிட்டது. என் கருத்து: 25 மில்லிமீற்றர் இங்கத்தைய மலைக்கு ஒல்லி. ஃபிரேமுக்குள் நுழைந்தால் 28, இன்னும் இடம் இருந்தால் 32. காற்றைக் கல்லாக அடிக்காதீர்கள். தெல்தோட்டைப் பக்கமும் தொலஸ்பாகைப் பக்கமும் தார் இருக்கிறது, ஆனால் தாருக்கு நடுவில் போன வருட மழையும் இருக்கிறது. இரண்டு டியூப், ஒட்டுச் சாமான், பம்ப், செயின் இணைப்பு ஒன்று. தோட்டக் கடையில் ரோட் பைக் அளவான 700சி டியூப் கிடைக்காது. கிடைப்பது லுமாலா சைக்கிளுக்குப் போடுகிற டியூப், அது உங்களுக்குப் பொருந்தாது.

லுமாலா என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன். எரிபொருள் இல்லாத அந்த யுத்த காலத்தில் ஆட்டுக்குக் குழை, நெல் மூட்டை, வருத்தக்காரர் எல்லாமே சைக்கிள் கரியரில்தான். உழக்கத் தெரியாத ஆளே இல்லை. ஆனால் ஏற்றம் என்று ஒன்று இருப்பதே எங்கள் கால்களுக்குத் தெரியாது. குடாநாட்டில் மேடு என்றால் மதகுதான். எதிர்க்காற்றுத்தான் எங்கள் மலை. முதல் தரம் கம்பளையிலிருந்து தொலஸ்பாகைக்கு ஏறியபோது, எதிர்க்காற்று போல இதுவும் கொஞ்ச நேரத்தில் குறையும் என்று நினைத்துக்கொண்டே உழக்கினேன். குறையவில்லை. எதிர்க்காற்றுக்குக் குனிந்தால் லாபம். ஏற்றத்தில் குனிந்தால் முதுகு வலி மட்டும்தான் மிச்சம். இப்போது ஹாண்டிலின் மேல் கம்பியில் கை வைத்து நெஞ்சை நிமிர்த்தித்தான் ஏறுகிறேன். ஊர்ப் பழக்கத்தைக் கால் மறந்தது, முதுகு மறக்க நாளெடுத்தது.

15 ஜூலை

மதகு என்று எழுதியதற்கு வலிகாமத்துக்காரர் ஒருவர் கீரிமலையை மறந்துவிட்டதாகச் சண்டைக்கு வருகிறார். பெயரில்தான் மலை. அங்கே கியர் மாற்றியவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

18 ஆகஸ்ட்

பெண்கள் தனியாகப் போகலாமா என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். என் அனுபவத்தை வைத்து இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. எங்கள் கூட்டத்தில் ஓடுகிற இரண்டு பெண்களிடம் கேட்டேன். தோட்ட வீதிகளில் கொழுந்து எடுக்கிற பெண்கள் கண்ணுக்கெட்டிய தூரத்தில் எப்போதும் இருப்பதால் அங்கே அவ்வளவு யோசனை இல்லை என்கிறார்கள். யோசிப்பது காட்டுக்குள் போகிற ஆளில்லா வீதிகளைப் பற்றி, அதுவும் சிக்னல் இல்லாத இடங்களைப் பற்றி. ரிவர்ஸ்டன் பக்கத்துக்கு அவர்கள் இரண்டு பேராகவே போகிறார்கள். நான் இந்த இழை முழுக்க ஆளில்லாத வீதியைப் புகழ்ந்துகொண்டிருக்கிறேன். அவர்கள் தேடுவது வாகனம் இல்லாத, ஆனால் ஆள் இருக்கிற வீதி. மார்ச்சில் நான் எட்டரை மணிக்குப் போகச் சொன்னேன், அவர்கள் ஏழரைக்கே மெதுவாகப் போகிறார்கள், கூட்டத்தோடு. அதுவும் ஒரு நேரசூசிதான்.

ரிவர்ஸ்டன் பற்றி மற்றவர்கள் கேட்டதற்கும் சேர்த்து. மாத்தளையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர், ரத்தொட்டை தாண்டிய பிறகுதான் உண்மையான ஏற்றம். மேலே தொலைத்தொடர்புக் கோபுரம் தெரிகிற இடம் வரைக்கும் போய்த் திரும்பலாம். கால் மிச்சம் இருந்தால் மறுபக்கம் இறங்கிப் பிட்டவல பத்தனைப் புல்வெளி வரைக்கும் போகலாம், இறங்கிய எல்லாவற்றையும் திரும்ப ஏற வேண்டும் என்பதை மறக்காமல். வடகீழ்ப் பருவமழை தொடங்குவதற்குள் போய்விடுங்கள், மார்கழி தையில் அந்தப் பக்கம் முழுக்க ஈரமும் அட்டையும். சனி ஞாயிறில் மோட்டார் சைக்கிள் கூட்டம் வரும். செவ்வாய் அல்லது புதன் லீவு போடுங்கள். மேலதிகாரிக்குக் காய்ச்சல் என்று சொல்வதா, உண்மையைச் சொல்வதா என்று கேட்டால், எனக்குத் தெரிந்த மேலதிகாரிகள் காய்ச்சலைத்தான் சுலபமாக நம்புகிறார்கள்.